சீட்டுப் பணம் ஒரு மாதம்கூடத் தவறியதில்லை, எனக்கு ஏன் கிரெடிட் கார்டு இல்லை?

கேள்வி: எனக்கு வயது 25. சொந்த ஊர் ஊத்தங்கரை பக்கம். பெங்களூரு எலக்ட்ரானிக் சிட்டியில் ஒரு தனியார் நிறுவனத்தில், கணக்குப் பிரிவில் ஒன்றரை வருடமாக வேலை பார்க்கிறேன். பிடித்தம் போகக் கைக்கு 31,000 ரூபாய் வருகிறது. பொம்மனஹள்ளியில் பிஜியில் தங்கியிருக்கிறேன். வீட்டுக்கு மாதம் 10,000 அனுப்புகிறேன். ஆபீஸ் தோழிகளோடு 5,000 ரூபாய் சீட்டு கட்டுகிறேன், ஒரு மாதம்கூடத் தவறியதில்லை. சம்பளக் கணக்கு இருக்கும் வங்கியில் கிரெடிட் கார்டு கேட்டேன். 'கிரெடிட் ஹிஸ்டரி போதாது' என்று மறுத்துவிட்டார்கள். கோபத்தில் அதே மாதம் இன்னும் மூன்று வங்கிகளில் ஆன்லைனில் விண்ணப்பித்தேன். மூன்றும் போய்விட்டது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு போனை இஎம்ஐயில் வாங்கிக் கட்டி முடித்தேன், ஒரே ஒரு தவணை சில நாள் தள்ளிப்போனது. வேறு கடனே வாங்கியதில்லை. நாணயமாக இருக்கும் எனக்கு ஏன் கார்டு கிடையாது? மூன்று, நான்கு வருடத்தில் ஓசூரில் சின்னதாக ஒரு வீடு வாங்க ஆசை. 4,000 ரூபாய் கொடுத்தால் சிபில் ஸ்கோரை 750க்கு ஏற்றித் தருவதாக ஒருவர் சொல்கிறார். அப்பாவோ, 'கார்டே வேண்டாம், கடன் குடியைக் கெடுக்கும்' என்கிறார். ஆதாரில் ஊர் முகவரிதான் இருக்கிறது. நான் என்ன செய்யட்டும்?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி, பெங்களூரு

பதில்: அன்புள்ள வாசகிக்கு,

முதலில் அந்த 4,000 ரூபாய் விஷயம். கொடுக்காதீர்கள். பான் எண்ணோ ஆதார் நகலோ ஏற்கெனவே அவர் கைக்குப் போயிருந்தால், இனி அவர் எந்த ஓடிபி கேட்டாலும் சொல்லாதீர்கள். வங்கிகளும் நிதி நிறுவனங்களும் அனுப்பும் விவரத்தை வைத்துக் கணினி போடும் கணக்குதான் சிபில் ஸ்கோர். வெளியாள் யாரும் உள்ளே புகுந்து அதை மாற்ற முடியாது. விவரத்தில் பிழை இருந்தால் திருத்தச் சொல்லிக் கேட்க உங்களுக்கே உரிமை உண்டு, அதற்குக் காசும் கிடையாது. விவரம் சரியாக இருந்தால் எவ்வளவு கொடுத்தாலும் அழியாது. இப்படிக் கிளம்பியிருப்பவர்கள் செய்வதெல்லாம், உங்கள் பெயரில் ரிப்போர்ட்டை இறக்கி, கண்ணில் பட்ட வரிக்கெல்லாம் ஆட்சேபம் போடுவதுதான். அதே ஆவணங்களை வைத்து உங்கள் பெயரிலேயே ஏதாவது ஆப்பில் கடன் எடுத்துவிடுகிறவர்களும் உண்டு. வங்கியில் கடன் பரிசீலனைப் பிரிவில் இருந்தபோதும் சரி, ஆலோசகராக இருக்கும் இப்போதும் சரி, இதில் மாட்டிக்கொண்டு என்னிடம் வந்தவர்கள் பெரும்பாலும் ஊரை விட்டு வந்து முதல் வேலையில் இருக்கும் பிள்ளைகள்தான். அதனால்தான் இதை முதலில் வைத்தேன்.

இனி உங்கள் ஆதங்கத்துக்கு வருகிறேன். சீட்டுப் பணத்தை ஒழுங்காகக் கட்டுகிறீர்கள் என்பது தோழிகளுக்குத் தெரியும். வாடகையைத் தேதி தவறாமல் கொடுப்பது பிஜி நடத்துகிறவருக்குத் தெரியும். மாதாமாதம் பணம் வந்து சேர்வது வீட்டுக்குத் தெரியும். கார்டு விண்ணப்பத்தைப் பரிசீலிக்கும் இடத்துக்கு இதில் ஒன்றுகூடத் தெரியாது. வங்கியிலோ நிதி நிறுவனத்திலோ வாங்கிய கடனும் அதைத் திருப்பிக் கட்டிய விதமும்தான் அங்கே தெரியும். ஊரில் மளிகைக் கடைக்காரர் தெரிந்த வீட்டுப் பிள்ளைக்குத்தான் நோட்டில் எழுதிக்கொண்டு சாமான் கொடுப்பார். புதிதாகக் குடிவந்தவர் எவ்வளவு யோக்கியராக இருந்தாலும் கொஞ்ச நாளைக்கு ரொக்கம்தான். வங்கிக்கு நீங்கள் இப்போது அப்படிப் புதிதாகக் குடிவந்தவர். உங்கள் நாணயத்தை யாரும் சந்தேகப்படவில்லை, அம்மா. அதைச் சொல்ல ஒரு பதிவு இல்லை, அவ்வளவுதான்.

அந்தப் பதிவை வைத்திருக்கும் நிறுவனங்கள் இந்தியாவில் நான்கு: டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், சிஆர்ஐஎஃப் ஹைமார்க். சிபில்தான் மூத்தது, 2000இல் தொடங்கியது. அதனால் எல்லா ஸ்கோரையும் நாம் சிபில் என்றே சொல்லிப் பழகிவிட்டோம். 300இலிருந்து 900 வரை எண் போடுவார்கள். கடனே வாங்காதவருக்கு எண் இருக்காது, 'மைனஸ் 1' என்றோ 'என்.எச்.' என்றோ போட்டிருப்பார்கள். 'ஹிஸ்டரி இல்லை' என்பதைத்தான் அப்படிக் குறிக்கிறார்கள். மைனஸ் என்று பார்த்ததும் ஏதோ தப்புச் செய்துவிட்டதாகப் பதறி எனக்குப் போன் செய்தவர்கள் உண்டு. பயப்பட அதில் எதுவும் இல்லை. உங்களுக்குப் போன் கடன் ஒன்று இருந்ததால் கோப்பு என்று ஒன்று திறந்திருக்கும், ஆனால் மெல்லிய கோப்பு.

2023 நவம்பரில் ரிசர்வ் வங்கி கிரெடிட் கார்டு, தனிநபர் கடன் போன்ற பிணையில்லாக் கடன்களுக்கு வங்கிகள் ஒதுக்க வேண்டிய மூலதனத்தைக் கூட்டியது. அந்த மூலதனத்தைக் கணக்கிட உதவும் அளவுக்கு 'ரிஸ்க் வெயிட்' என்று பெயர்; வங்கிகளின் கார்டு பாக்கிகளுக்கு அது 125 சதவீதத்திலிருந்து 150 ஆனது. அதாவது ஒரு கார்டு கொடுப்பது வங்கிக்கு முன்னைவிடச் செலவான காரியமாகிவிட்டது. அதன் பிறகு புதியவர்கள் விஷயத்தில் வங்கிகள் கையை இறுக்கிக்கொண்டன. உங்கள் விண்ணப்பம் போய் விழுந்தது இந்தக் காலத்தில்.

'முதல் முறை கடன் கேட்பவருக்கு சிபில் ஸ்கோர் தேவையில்லை என்று அரசே சொல்லிவிட்டதே' என்று பலர் கேட்கிறார்கள். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் நிதித்துறை இணை அமைச்சர் தந்த பதில் அது. ஹிஸ்டரி இல்லை என்ற ஒரே காரணத்துக்காக முதல் முறை விண்ணப்பத்தைத் தள்ளக்கூடாது என்று ரிசர்வ் வங்கி வழிகாட்டியிருக்கிறது, குறைந்தபட்ச ஸ்கோர் என்று எதையும் அது நிர்ணயிக்கவில்லை என்பதுதான் அதன் சாரம். வங்கி கட்டாயம் கொடுத்தே ஆக வேண்டும் என்று அர்த்தம் எடுத்துக்கொள்ளாதீர்கள். சம்பளம், வேலையில் இருந்த காலம், முகவரி என்று மற்றவற்றைப் பார்த்து மறுக்க வங்கிக்கு இடம் உண்டு. ஆனால் கார்டை மறுத்தால் குறிப்பான காரணத்தை எழுத்தில் தர வேண்டும். இது 2022இல் வந்த ரிசர்வ் வங்கியின் கார்டு விதிகளில் இருக்கிறது. உங்களை மறுத்த நான்கு வங்கிகளுக்கும் மின்னஞ்சல் போட்டுக் காரணத்தைக் கேட்டு வாங்குங்கள். 'உள்கொள்கைப்படி' என்று மழுப்பினால் மறுபடியும் கேளுங்கள். ஒருவர் முகவரி என்பார், இன்னொருவர் போன் கடன் தாமதம் என்பார். எதைச் சரிசெய்ய வேண்டும் என்பது அதில் தெரிந்துவிடும்.

கோபத்தில் நான்கு இடத்தில் போட்டீர்களே, அதை இத்தோடு நிறுத்துங்கள். ஒவ்வொரு முறை விண்ணப்பிக்கும்போதும் அந்த வங்கி உங்கள் ரிப்போர்ட்டை எடுத்துப் பார்க்கும், பார்த்த தேதியும் வங்கியின் பெயரும் 'என்கொயரி' பகுதியில் பதிவாகும். ஒரே மாதத்தில் நான்கு பதிவு இருந்தால் அடுத்துப் பார்ப்பவருக்கு 'இந்தப் பெண்ணுக்குப் பணமுடை போலிருக்கிறது' என்று தோன்றும். மெல்லிய கோப்பில் இது இன்னும் பெரிதாகத் தெரியும். ஆறு மாதமாவது பிணையில்லாக் கார்டு எதற்கும் விண்ணப்பிக்காதீர்கள். மாலில் ஸ்டால் போட்டு நிற்கும் பையன் 'சும்மா எலிஜிபிலிட்டி மட்டும் பார்க்கலாம், மேடம்' என்றாலும் பான் எண்ணைச் சொல்லாதீர்கள். அவனுக்கும் மாதக் கோட்டா இருக்கிறது, பாவம், ஆனால் அதற்கு உங்கள் கோப்பு பலியாக வேண்டியதில்லை. உங்கள் ரிப்போர்ட்டை நீங்களே எடுத்துப் பார்த்தால் ஸ்கோர் குறையாது. இந்த பயத்திலேயே பலர் பார்க்காமல் இருக்கிறார்கள்.

ஆகவே இந்த வாரமே ரிப்போர்ட்டை எடுங்கள். நான்கு நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒருமுறை முழு ரிப்போர்ட்டை இலவசமாகத் தர வேண்டும். 2017இலிருந்து இது விதி. அந்த நிறுவனங்களின் சொந்த இணையதளத்திலேயே எடுங்கள். இடையில் நிற்கும் ஆப்களில் எடுத்தால் அன்று மாலையே கடன் வேண்டுமா என்று அழைப்பு வரத் தொடங்கும்.

ரிப்போர்ட்டை எப்படிப் படிப்பது என்று கொஞ்சம் சொல்கிறேன், ஏனென்றால் பெரும்பாலோர் மேலே இருக்கும் எண்ணைப் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். கணக்குகள் பகுதிக்குப் போங்கள். உங்கள் போன் கடன் 'கன்ஸ்யூமர் லோன்' என்ற பெயரில் இருக்கும். கடைக்காரர் பெயரைத் தேடினால் கிடைக்காது, கடன் கொடுத்த நிதி நிறுவனத்தின் பெயர்தான் இருக்கும். அதன் கீழே மாதம் மாதமாகச் சின்னக் கட்டங்கள், ஒவ்வொன்றிலும் மூன்று இலக்கம். '000' என்றால் அந்த மாதம் பாக்கி எதுவும் இல்லை. '012' என்றால் பன்னிரண்டு நாள் தாமதம். 'எக்ஸ்எக்ஸ்எக்ஸ்' என்றால் அந்த மாதம் நிறுவனம் விவரம் அனுப்பவில்லை. உங்களுடைய அந்த ஒரு தாமதத் தவணை, நிறுவனம் விவரம் அனுப்பிய தேதிக்குள் கட்டப்பட்டிருந்தால் '000' என்றே இருக்கலாம். இல்லையென்றால் ஒரு சிறு எண் தெரியும். தெரிந்தாலும் கலங்க வேண்டாம், பழையதாக ஆக அதன் பலம் குறையும்.

அதைவிட முக்கியம், அந்தக் கணக்கு 'க்ளோஸ்டு' என்று இருக்கிறதா, நிலுவை பூஜ்யமா என்பது. கடைசித் தவணை கட்டிவிட்டோம் என்று நாம் நினைப்போம். கணக்கில் பணம் இல்லாமல் தவணை திரும்பியதற்குப் போடும் அபராதம், பவுன்ஸ் சார்ஜ் என்று ஒரு தொகை அப்படியே நின்றுகொண்டிருக்கும். முந்நூறு, நானூறு ரூபாய்தான் இருக்கும். மாதாமாதம் அதற்குத் தாமத நாள் ஏறிக்கொண்டே போய், '090'ஐத் தாண்டி நிற்கும் ரிப்போர்ட்டுகளைப் பார்த்திருக்கிறேன். கட்டியவர் ஊரில் நிம்மதியாக இருப்பார், ஒரு எஸ்எம்எஸ்கூடக் கண்ணில் பட்டிருக்காது. அப்படி ஏதாவது இருந்தால் உடனே கட்டி, 'நோ டியூஸ்' கடிதம் வாங்கி வையுங்கள்.

கடன் பட்டியலில் நீங்கள் கேள்விப்படாத நிறுவனம் ஒன்று இருக்கிறதா என்றும் பாருங்கள். ஷாப்பிங் ஆப்பிலோ உணவு ஆப்பிலோ 'இப்போது வாங்கு, பிறகு கட்டு' என்று வந்த பொத்தானை ஒருநாள் தட்டியிருப்பீர்கள். அதுவும் ஒரு கடன் கணக்குதான், பின்னால் ஒரு நிதி நிறுவனம் இருக்கும். 'வேறு கடனே வாங்கியதில்லை' என்று எழுதியிருக்கிறீர்கள். உண்மையாகவே சொல்கிறீர்கள் என்று நம்புகிறேன். இதே வரியை மனமார எழுதியவர்களின் ரிப்போர்ட்டில்தான் இரண்டும் மூன்றும் இருந்தன. இருந்தால் பாக்கியைக் கட்டி, கணக்கை மூடச் சொல்லுங்கள். உங்களுடையதே இல்லாத கணக்கோ தவறான தாமதமோ இருந்தால் அதே இணையதளத்தில் 'டிஸ்ப்யூட்' எழுப்புங்கள். 30 நாளில் தீர்க்காவிட்டால் அதற்குப் பின் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் உங்களுக்கு இழப்பீடு தர வேண்டும் என்பது 2024 ஏப்ரலிலிருந்து நடைமுறை.

இனி கார்டு. உங்கள் நிலையில் நான் சொல்லும் வழி ஒன்றுதான்: எஃப்.டி. போட்டு, அதன் மேல் கார்டு வாங்குங்கள். எஸ்பிஐ, ஐசிஐசிஐ, ஆக்சிஸ், கோட்டக், ஐடிஎஃப்சி ஃபர்ஸ்ட் என்று பல வங்கிகள் இதைத் தருகின்றன. உங்கள் வைப்புத்தொகை பிணையாக இருப்பதால் ஹிஸ்டரி பெரிய தடையாக இருக்காது. பொதுவாக எஃப்.டி. தொகையில் 75இலிருந்து 100 சதவீதம் வரை லிமிட் தருவார்கள். குறைந்தபட்சம் எவ்வளவு போட வேண்டும் என்பது வங்கிக்கு வங்கி மாறும். 25,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள், பல இடங்களில் அது போதும். அந்தப் பணத்துக்கு வழக்கமான எஃப்.டி. வட்டி ஏறிக்கொண்டே இருக்கும். கார்டை மூடும் வரை உடைக்க முடியாது, அவ்வளவுதான். 25,000 எங்கே என்று கேட்பீர்கள். சீட்டு உங்கள் முறைக்கு வரும்போது அதிலிருந்து எடுத்துப் போடுங்கள். ஏலச் சீட்டாக இருந்தால் இதற்காகக் கழிவை அதிகமாக விட்டு முன்கூட்டி எடுக்காதீர்கள். இரண்டு மாதம் தள்ளிப்போனால் ஒன்றும் குடி முழுகாது.

போடும் முன் மூன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: ஆண்டுக் கட்டணம் உண்டா, எத்தனை சதவீதம் லிமிட், எஃப்.டி. முதிர்ந்தால் தானாகப் புதுப்பிக்கப்படுமா. கட்டணமில்லாத கார்டு கிடைக்கும்போது காசு கொடுத்து வாங்க வேண்டாம். விமான நிலைய லவுஞ்ச், சினிமா டிக்கெட் என்று அலங்காரமாகச் சொல்வதெல்லாம் உங்களுக்கு இப்போது தேவையில்லாதது. எஃப்.டி. கார்டு என்பதால் மதிப்புக் குறைவு என்று நினைக்காதீர்கள். வங்கிகள் எல்லாமே அந்த நான்கு நிறுவனங்களுக்கும் விவரம் அனுப்ப வேண்டும், மற்றக் கார்டுகளைப் போலவே இதுவும் உங்கள் கோப்பில் ஏறும். 2025 ஜனவரியிலிருந்து பதினைந்து நாளுக்கு ஒருமுறையாவது விவரம் புதுப்பிக்கப்பட வேண்டும் என்பதால், செய்யும் நல்லதும் கெட்டதும் சீக்கிரமே தெரியும். ஏறக்குறைய ஆறு மாதம் ஒழுங்காக ஓடினால் சொல்லிக்கொள்ளும்படி ஒரு ஸ்கோர் நின்றுவிடும்.

ஒரு தப்பபிப்பிராயத்தை மட்டும் நீக்கிவிடுகிறேன். 'எஃப்.டி. தான் இருக்கிறதே, கட்டாவிட்டால் அதிலிருந்து எடுத்துக்கொள்வார்கள்' என்று சும்மா இருந்துவிடக்கூடாது. எடுத்துக்கொள்வார்கள், உண்மை. அதற்கு முன் தாமதமும் பதிவாகிவிடும். பணமும் போய்ப் பெயரும் கெடும்.

கார்டு வந்ததும் பில் தேதியைப் பாருங்கள். உங்களுக்குச் சம்பளம் மாதக் கடைசியிலோ ஒன்றாம் தேதியோ வரும் என்று நினைக்கிறேன். பில் 5ஆம் தேதி போட்டால், கட்ட வேண்டிய கடைசி நாள் ஏறக்குறைய 25. அப்போது கையில் என்ன இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். பில் 15ஆம் தேதி என்றால் கடைசி நாள் அடுத்த மாதம் 5ஐ ஒட்டி வரும், சம்பளம் வந்த சூட்டோடு கட்டிவிடலாம். பில் சுழற்சியை மாற்றிக் கேட்க ரிசர்வ் வங்கி விதி இடம் தருகிறது. தயங்காமல் கேளுங்கள்.

அடுத்து, சேமிப்புக் கணக்கிலிருந்து தானாகக் கட்டும்படி 'ஆட்டோ பே' போடுங்கள். அந்தப் படிவத்தில் இரண்டு கட்டம் இருக்கும்: 'டோட்டல் அமவுண்ட் டியூ', 'மினிமம் அமவுண்ட் டியூ'. சில ஆப்களில் இரண்டாவது ஏற்கெனவே டிக் செய்யப்பட்டிருக்கும். மாற்றி முதல் கட்டத்தைத் தேர்ந்தெடுங்கள். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு வரியை நினைவில் வைப்பதானால் இதை வையுங்கள் என்பேன், ஏனென்றால் அப்பா சொல்லும் 'குடியைக் கெடுக்கும்' என்பது இந்தக் கட்டத்தில்தான் ஆரம்பிக்கிறது.

கணக்குப் பிரிவில் இருக்கிறீர்கள், கணக்காகவே பார்ப்போம். பில் 12,000 ரூபாய். மினிமம் 5 சதவீதம், 600 ரூபாய். அதைக் கட்டிவிட்டுக் கட்டியாயிற்று என்று இருந்துவிடுகிறீர்கள். மீதி 11,400. மாதம் 3.5 சதவீத வட்டி என்றால் 399 ரூபாய், அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 72 ரூபாய். ஆக 471. அடுத்த மாதமும் அதே 600ஐக் கட்டினால் அசலில் கழிவது 129 ரூபாய். நிஜத்தில் இன்னும் மோசம். முழுத் தொகையைக் கட்டாதபோது வட்டி செலவு செய்த நாளிலிருந்தே ஓடும், அதன் பிறகு வாங்கும் புதுப் பொருளுக்கும், முழு பில்லையும் கட்டுகிறவருக்குக் கிடைக்கும் 45, 50 நாள் வட்டியில்லாச் சலுகை போய்விடும். மாதம் 3.5 என்பது வருடத்துக்கு 42 சதவீதம். கார்டு வட்டி 30 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008இல் சொன்னதை 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது, அந்தத் தடுப்பும் இப்போது இல்லை. முழு பில்லையும் கட்டுகிறவருக்கு இந்த வட்டி எவ்வளவாக இருந்தாலும் கவலையில்லை.

ஏடிஎம்மில் இந்தக் கார்டைப் போட்டுப் பணம் எடுக்கவே எடுக்காதீர்கள். எடுத்த நிமிடத்திலிருந்து வட்டி, கூடவே கட்டணம்.

எதற்குச் செலவு செய்வது? பொம்மனஹள்ளியிலிருந்து எலக்ட்ரானிக் சிட்டிக்கு 2025 ஆகஸ்டிலிருந்து மஞ்சள் வழித்தட மெட்ரோ ஓடுகிறது. அந்த மெட்ரோ கார்டு ரீசார்ஜ், போன் ரீசார்ஜ், மாதச் சாமான், மருந்து. எப்படியும் செய்கிற செலவு, கையில் பணம் இருக்கிற செலவு, அதை மட்டும். லிமிட் 20,000 என்றால் எந்த நேரத்திலும் பாக்கி 6,000ஐத் தாண்டாமல் பாருங்கள். 18,000 செலவழித்து முழுதும் கட்டினாலும், வங்கி விவரம் அனுப்பும் நாளில் லிமிட்டில் 90 சதவீதம் எடுத்திருப்பதாகத்தான் பதிவாகும். ஏதோ ஒரு மாதம் கூடிவிட்டால் பில் வரும் முன்பே கொஞ்சம் கட்டிவிடுங்கள். அதற்காக அலமாரியில் பூட்டி வைக்கவும் வேண்டாம். ஓராண்டுக்கு மேல் பயன்படுத்தாத கார்டை, அறிவிப்புக் கொடுத்துவிட்டு மூட வங்கிக்கு வழி இருக்கிறது. ரூபே கார்டாக இருந்தால் யுபிஐயில் இணைத்து டீக்கடையில்கூட ஸ்கேன் செய்யலாம். வசதிதான், ஆனால் முதல் ஆறு மாதம் இணைக்காதீர்கள். சில்லறைச் செலவு கணக்கில் நிற்காது.

இன்னொன்று வரும், கட்டாயம் வரும். உங்களிடம் கார்டு இருப்பது தெரிந்ததும் சித்தி மகனோ, கூட வேலை பார்க்கும் அண்ணனோ, 'உன் கார்டுல ஒரு போன் எடுத்துக் கொடும்மா, நோ காஸ்ட் இஎம்ஐதான், மாசா மாசம் உனக்கு அனுப்பிடறேன்' என்பார்கள். முதல் இரண்டு மாதம் அனுப்பவும் செய்வார்கள். மூன்றாவது மாதம் அவருக்கு வேலை போகும், வீட்டில் காரியம் வரும், நீங்கள் கேட்கவும் கூசுவீர்கள். அந்தத் தாமதம் உங்கள் கோப்பில் உங்கள் பெயருக்கு நேராக ஏறும். பெங்களூரில் நம் பிள்ளைகளின் ஸ்கோர் கெட்ட கதைகளில் நான் அதிகம் கேட்டது இதுதான். இல்லை என்று சொல்லக் கஷ்டமாக இருந்தால், 'இது எஃப்.டி. கார்டு, லிமிட் கம்மி' என்று சொல்லுங்கள். உண்மையும் அதுதான்.

அப்பாவிடம் என்ன சொல்வது? அவர் சொல்வது வெறும் பழைய பேச்சு என்று தள்ளாதீர்கள். வட்டிக்கு வாங்கி நிலம் போனவர்களைப் பார்த்த தலைமுறை அது, 42 சதவீத வட்டி அவர் பயந்த கந்துவட்டிக்குப் பக்கத்தில்தான் நிற்கிறது. அடுத்த முறை ஊருக்குப் போகும்போது விளக்கமாகச் சொல்லுங்கள்: என் பணத்தையே வங்கியில் போட்டு வைத்திருக்கிறேன், அதற்கு மேல் இதில் செலவு செய்ய முடியாது, கடன் என்று எதுவும் சேராது. மூன்று மாத பில்லையும், ஒவ்வொன்றிலும் வட்டி என்ற இடத்தில் பூஜ்யம் இருப்பதையும் காட்டுங்கள். அப்போதே அவருடைய கணக்கையும் பேசிவிடுங்கள். ஓசூர் வீட்டுக்கு அப்பாவைக் கூட்டு விண்ணப்பதாரராகச் சேர்க்க நேர்ந்தால் வங்கி அவர் ரிப்போர்ட்டையும் எடுக்கும். வங்கி நகைக்கடன் நிலுவை, யாருக்கோ போட்ட ஜாமீன் கையெழுத்து, அம்மா மகளிர் குழுவில் வாங்கிய கடன், எல்லாம் இந்தப் பதிவுகளில் வருகிறவைதான். வீடு பார்த்து அட்வான்ஸ் கொடுத்த பிறகு தெரிந்தால் பெரிய சங்கடம். இப்போதே இலவச ரிப்போர்ட்டை எடுத்துப் பார்த்தால் சரிசெய்ய மூன்று வருடம் கையில் இருக்கிறது.

முகவரி உங்களுக்குப் பெரிய தடையாக இருக்காது. சம்பளக் கணக்கு இருக்கும் வங்கியிலேயே எஃப்.டி. போட்டால் கேஒய்சி ஏற்கெனவே முடிந்திருக்கும். ஆதாரில் ஊர் முகவரி அப்படியே இருக்கட்டும். தற்போதைய முகவரிக்கு உறுதிமொழியும் நிறுவனத்தின் எச்.ஆர். கடிதமும் கொடுத்துக் கேளுங்கள். கார்டு வந்து சேரும் முகவரியாக ஆபீஸைக் கொடுக்க முடிந்தால் நல்லது, பகலில் பிஜியில் நீங்கள் இருக்கமாட்டீர்கள். வாங்கவும் ஆள் இல்லாமல் திரும்பிப் போய்விடும்.

ஒரு வருடம் ஓடிய பிறகு, உங்கள் சம்பள வங்கியே 'ப்ரீ-அப்ரூவ்டு' என்று சாதாரணக் கார்டு ஒன்றைக் காட்டும். அப்போது வாங்கலாம், ஒன்றே ஒன்று. அது வந்ததும் எஃப்.டி. கார்டை உடனே மூடாதீர்கள், கட்டணமில்லை என்றால் வீட்டுக் கடன் கைக்கு வரும் வரை இரண்டும் இருக்கட்டும். உங்கள் கோப்பில் மிகப் பழைய ஓடும் கணக்கு அதுவாகத்தான் இருக்கும். மூட வேண்டிய நாள் வந்தால், பாக்கி இல்லாத கார்டை நீங்கள் கேட்ட ஏழு வேலை நாளுக்குள் வங்கி மூடியாக வேண்டும். மூடாவிட்டால் நாளுக்கு 500 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும். நீங்கள் கேட்காமல் யாராவது கார்டு அனுப்பினால் ஓடிபி கொடுத்து இயக்காதீர்கள். வங்கியில் எழுதிக் கொடுத்த புகாருக்கு 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தியாக இல்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், அதற்கும் கட்டணம் கிடையாது. விவரம் கேட்க 14448 என்ற எண் இருக்கிறது.

ரிப்போர்ட்டை எடுத்துப் படித்துவிட்டு எதாவது வரி புரியாவிட்டால் அந்தப் பக்கத்தை மட்டும் எனக்கு அனுப்புங்கள். பான் எண், பிறந்த தேதி, கணக்கு எண், முகவரி நான்கையும் பேனாவால் அடித்துவிட்டு அனுப்புங்கள்.